நாற்பத்து மூன்றாம் லைன்

மாலை நாலரைக்கு மொட்டைத் திறக்க வேண்டும்.
நாளைக்கு விரியும் என்று இன்றே தெரிகிற மொட்டு,
நுனியில் மட்டும் ஊதா கசிந்திருக்கும்.
இடுக்கியால் இதழை விலக்கி
பத்து மகரந்தப் பையையும் எண்ணி எடுக்க வேண்டும்.
ஒன்றை மறந்தால் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்.
தாளுறை மாட்டி, சிவப்பு நூல் சுற்றி,
காலையில் வேறொரு பூவைக் கொண்டுவந்து உரச வேண்டும்.

தேயிலையில் பதினோரு வருஷம்
நாளுக்குப் பதினெட்டுக் கிலோ பறித்த விரல்.
இங்கே நாளுக்கு முப்பது பூ.
நிறுக்க ஒன்றுமில்லை.
முதல் வாரம் கை கூசியது.

பலகையில் சிறகவரை என்று எழுதியிருக்கிறது.
எங்களுக்குத் தம்பலா.
வேலியில் கிடக்கும், கறிக்கு வழியில்லாத நாளில் ஞாபகம் வரும்.
பூவும் இலையும் காயும் கிழங்கும் தின்னலாம்;
வெலிமடைச் சந்தையில் எவரும் விலை கேட்டதில்லை.

தரங்கா மிஸ்ஸின் கணக்கு வேறு.
ஐப்பசி மழை மார்கழிக்குத் தள்ளிப்போகிறது.
பகல் குறுகினால்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கிற கொடி
இனிமேல் நாள் பார்க்கக் கூடாது,
வெயில் ஏறினால் பிஞ்சை உதிர்க்கக் கூடாது,
கம்பு கேட்காமல் தானாக நிற்க வேண்டும்.
கொழுகொம்பு வேண்டாத கொடி, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. சிங்களத்தில் சொன்னேன்.
அப்போதும் சிரித்தது நான் மட்டும்தான்.

அறுபது லைன் நட்டோம்.
லைன் என்றால் இங்கே ஒரு வம்சம்:
ஆறு தலைமுறை தனக்குள்ளேயே காய்த்து
குணம் மாறாமல் நிற்பது.
நான் இருக்கிற லைனில் பன்னிரண்டு கதவு, ஒரு குழாய்.
அங்கேயும் ஆறு தலைமுறைதான்.
மிஸ்ஸிடம் இதைச் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்று, குட்டை.
ஐந்துக்கு இரண்டு புள்ளி. காய் குறைவு,
அடுத்த போகத்தில் நீக்கலாம் என்று பென்சிலில் இருக்கிறது.
அவர் சொல்ல, நான் எழுதியது.

பங்குனிப் போயாவுக்கு
வாட்ச்சர் அந்தோனிமுத்து வீட்டுக்குப் போன இரவில்
பன்றி வந்தது.
ஐம்பத்தொன்பது லைனை மிதித்திருந்தது.
நாற்பத்து மூன்றைத் தின்றிருந்தது.
நாலு மூலையில் நாலு பாத்தியாகப் பிரித்து நட்டதை
நாலையும் தேடிப்போய்த் தோண்டியிருக்கிறது,
சீட்டு வாசித்துக்கொண்டு வந்தது போல.

மிஸ் குழிக்குள் கைவிட்டு
மிச்சத் துண்டொன்றை எடுத்தார், சேலையில் துடைத்தார்,
கடித்தார். எனக்கும் நீட்டினார்.
பச்சைக் கிழங்கு. பால் வற்றாத தேங்காய் மாதிரி.
நாங்கள் இதை ருசி பார்க்கவே இல்லையே, என்றார்.
உண்மைதான்.
புத்தகத்தில் உயரத்துக்குப் பத்தி உண்டு, நோய்க்கு உண்டு,
ருசிக்கு இல்லை.

மிச்ச விதை குளிர்ப்பெட்டியில் இருந்தது.
மண் சரிந்து மூன்று நாள் கரண்ட் நின்றதில்
உறைக்குள்ளேயே பூஞ்சணம்.

அன்றிரவு நான் தூங்கவில்லை.
போன வாரம் சட்டைப் பைக்குள் போட்டு
நாலு காய் கொண்டுபோயிருந்தேன், நாற்பத்து மூன்றில்.
நீக்கப் போகிற லைன்தானே.
சுண்டலுக்கு நினைத்தது; வீட்டுக்குப் போனபின் பார்த்தால் முற்றல்.
அடுப்புக்கு மேலே புகையில் கிடந்தது.
ஒரு விதையும் வெளியே போகாது என்று
சேர்ந்த அன்றே கையெழுத்து வைத்தவள் நான்.

காலையில் மேசையில் கொட்டினேன்.
மிஸ் விதைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
புகைவாசம் பிடித்த ஒன்றை முகர்ந்தார்.
கிடைத்த இடம் என்ற பத்தியைத் திறந்து
பேனாவோடு காத்திருந்தார்.
லைன், என்றேன்.
எழுதிக்கொண்டார்.

இது தேறினால் விவசாயிகளுக்குக் கொடுப்பார்களாம்.
காணி உறுதி உள்ளவர்களுக்கு.
எங்கள் பன்னிரண்டு கதவிலும் உறுதி என்று
ஒரு காகிதமும் கிடையாது.

முப்பத்தொரு விதை இருந்தது.
முப்பது என்று எண்ணிக் கொடுத்தேன்.

குழாய்க்குப் பின்னால், கானுக்கு ஓரமாய்,
மூன்று இலை விட்டிருக்கிறது. கம்பு நடவில்லை.
சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறேன்.
பன்றிக்கு விஷயம் தெரியும்.